ஃபைலோட பேர் என்ன தம்பி?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரவு பதினொன்றே முக்கால் இருக்கும், எங்கள் டெலிகிராம் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. "அண்ணா பைத்தான் ஒர்க் ஆகல." அவ்வளவுதான். பைத்தான் என்றால் புரோகிராம் எழுதும் ஒரு மொழி. கூடவே ஒரு போட்டோ. ஸ்க்ரீன்ஷாட் கூட இல்லை, லேப்டாப் திரையைப் போனில் சாய்வாகப் பிடித்து எடுத்தது. திரைக்கு நடுவே டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது, மூலையில் ஃபேனின் நிழல், எரரில் கடைசி இரண்டு வரி மட்டும் தெரிந்தது, அதிலும் வலது ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பெங்களூரில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்காக நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிறோம். பி.டி.எம். லேஅவுட்டிலும் மாரத்தஹள்ளியிலும் பி.ஜி.யில் தங்கி கோர்ஸ் படிக்கிறவர்கள், ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள், கால் சென்டரில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டே எப்படியாவது கோடிங் பக்கம் வந்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள், இவர்கள்தான் ஆட்கள். கேள்வி கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். சம்பளம் கிடையாது, டீ கூடக் கிடையாது.

அந்தப் போட்டோவுக்கு ஐந்து நிமிடத்தில் நாலு பதில் வந்தது. "கூகுள் பண்ணு ப்ரோ." "என்ன எரர்னே தெரியாம நாங்க என்ன ஜோசியமா பாக்க முடியும்?" ஒரு வடிவேலு ஸ்டிக்கர். நாலாவது: "பின் பண்ணி வெச்சிருக்கிற மெசேஜைப் படிச்சியா?"

அந்த நாலாவது ஆள் நான்தான்.

மறுநாள் காலையில் அந்தப் பையன் எனக்குத் தனியாக எழுதியிருந்தான். "சாரிண்ணா. பின் மெசேஜ் படிச்சேன். புரியல." எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அந்தப் பின் மெசேஜை எழுதியதும் நான்தான். பதினோரு விதிகள். எண் போட்டு, அழகாக. சரி, எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் பி.டி.எம். இரண்டாவது ஸ்டேஜ் என்றான், நான் இருப்பது ஈஜிபுரா, பைக்கில் போனால் ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக்கிலும் கால் மணி நேரம்தான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வா என்று ஒரு தர்ஷினிக்கு, நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டலுக்கு, வரச் சொன்னேன்.

பையன் திருப்பத்தூர்ப் பக்கம், பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு இங்கே ஒரு இன்ஸ்டிடியூட்டில் மூன்று மாத கோர்ஸ். பை டூ காபி வாங்கி நின்றபடியே லேப்டாப்பைத் திறந்தான். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திறந்தே இருந்தது. அதில் பைத்தான் இன்ஸ்டாலர் ஒரே ஃபைல் நாலு தடவை: ஒன்று சும்மா, மற்ற மூன்றின் வால்களில் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3.

"என்ன தம்பி இது?"

"அழிச்சு அழிச்சு மறுபடி போட்டுப் பார்த்தேண்ணா."

மூன்று முறை. அது போதாதென்று ஆன்ட்டிவைரஸை நிறுத்திப் பார்த்திருக்கிறான், ரீஸ்டார்ட் செய்திருக்கிறான், யூடியூபில் ஒரு இந்தி வீடியோவைப் பாதி புரிந்து பாதி புரியாமல் கடைசிவரை பார்த்திருக்கிறான், சாட்ஜிபிடியிடம் கேட்டிருக்கிறான். சனிக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து இதுதான் வேலை. பதினொன்றே முக்காலுக்கு எங்களிடம் வரும்போது அவன் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் மல்லுக்கட்டி ஓய்ந்துபோயிருந்தான். அதைத்தான் நாங்கள் "கூகுள் பண்ணு ப்ரோ" என்று வரவேற்றோம்.

"இவ்வளவு பண்ணியிருக்கே, ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

"அதெல்லாம் சொல்லணும்னு தெரியாதுண்ணா. தப்பா ஏதாவது பண்ணியிருந்தா திட்டுவீங்களோன்னு..."

இந்த ஒரு பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. பல வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு வரியில் கேட்கிறவன் ஒரு வரி அளவுக்குத்தான் முயற்சி செய்திருப்பான் என்று. உண்மையில் அவன் பட்ட பாட்டை எழுத அவனுக்கு வார்த்தை இல்லை, எழுதலாம் என்ற தைரியமும் இல்லை. யோசித்துப் பார்த்தால், "நான் இதைச் செய்தேன், இது வந்தது, பிறகு அதைச் செய்தேன், அதுவும் ஆகவில்லை" என்று அழகாக எழுதத் தெரிந்தவனுக்குப் பாதி வித்தை ஏற்கெனவே கைவந்துவிட்டது. நாம் கொண்டாடும் 'நல்ல கேள்வி' பெரும்பாலும் ஆரம்பக்காரனுடைய கேள்வியே இல்லை.

சரி, எரருக்கு வருவோம். அவன் எழுதியது ஒரு சின்ன விளையாட்டு. கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளும், நாம் கண்டுபிடிக்க வேண்டும். பைத்தானில் கூடவே வரும் ரேண்டம் என்ற மாட்யூலை, அதாவது தயாராக எழுதிவைத்த கோடை, இம்போர்ட் செய்து நம் ஃபைலுக்குள் கொண்டுவந்து, அதிலிருந்து ராண்ட்இன்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் எண் வந்துவிடும். நாலு வரி வேலை. ஆனால் இவனுக்கு வந்தது அட்ரிபியூட் எரர்: ரேண்டம் மாட்யூலில் ராண்ட்இன்ட் என்று எதுவும் இல்லை, அநேகமாக சர்க்குலர் இம்போர்ட்டாக இருக்கலாம் என்று.

"சர்க்குலர்னா என்னன்னு நெனச்சே?"

"காலேஜ்ல கிளாஸ் கிளாஸா கொண்டு வருவாங்களே, அதுதானேண்ணா. எனக்கு ஒண்ணும் வரலையேன்னு பார்த்தேன்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? முதன்முதலில் 'அன்எக்ஸ்பெக்டட் இன்டென்ட்' என்று, அதாவது வரித் தொடக்கத்தில் தேவையில்லாத இடைவெளி என்று, பைத்தான் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தது அப்பாதான். அவர் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கேட்டு மாதாமாதம் இன்டென்ட் எழுதிப் போடுவார். கம்ப்யூட்டர் எதற்கு இன்டென்ட் கேட்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஃபைலோட பேர் என்ன தம்பி?"

"ரேண்டம்.பிஒய்-ண்ணா."

விஷயம் முடிந்தது. இம்போர்ட் என்று சொன்னதும் பைத்தான் முதலில் தேடுவது, ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் இருக்கிற அதே ஃபோல்டரில். அங்கேயே ரேண்டம் என்ற பெயரில் ஒரு ஃபைல் உட்கார்ந்திருந்தால் அதையே எடுத்துக்கொண்டு வந்துவிடும், தன்னுடைய உண்மையான ரேண்டம் பக்கம் போகவே போகாது. அதாவது அவனுடைய ஃபைல் அவனுடைய ஃபைலையே இம்போர்ட் செய்துகொண்டிருந்தது, சர்க்குலர் என்று எரர் சொன்னது இந்தச் சுற்றைத்தான். பெயரை 'கேம்' என்று மாற்றினோம். ஓடியது. நூறு தடவை பைத்தானை அழித்துப் போட்டிருந்தாலும் இது சரியாகியிருக்காது.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. அந்த ஃபைலின் பெயர் எரரிலேயே இருந்தது. மேலே, முதல் சில வரிகளில், முழு முகவரியோடு, இரண்டு இடத்தில். போட்டோவில் அவன் வெட்டிவிட்ட பகுதியில். கடைசி வரிதான் முக்கியம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் அதை மட்டும் எடுத்து அனுப்பியிருக்கிறான். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் அனுபவம் என்பதே. அது இல்லாதவனிடம் போய் முக்கியமானதை மட்டும் சுருக்கமாக எழுது என்று என் பதினோரு விதிகளில் ஐந்தாவது விதி சொன்னது. வெட்கமாக இருக்கிறது.

இதே குழப்பம் உலகம் பூராவும் வந்துகொண்டே இருந்ததால், பைத்தானை உருவாக்குகிறவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2024-ல் வந்த பைத்தான் 3.13 வெர்ஷனில் அந்த எரர் செய்தியையே மாற்றிவிட்டார்கள். இப்போது அது, 'உன் ஃபைலின் பெயரும் கூடவே வரும் மாட்யூலின் பெயரும் ஒன்றாக இருக்கிறது, பெயரை மாற்றிப் பார்' என்று நேராகவே சொல்லும். 2021-ல் வந்த 3.10-லும் இப்படித்தான், அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால் முன்பு எங்கோ கீழே சம்பந்தமில்லாத வரியைக் காட்டி சின்டாக்ஸ் எரர் என்று மொட்டையாகச் சொல்லும், இப்போது இந்த இடத்தில் திறந்ததை மூடவே இல்லை என்று கையைப் பிடித்துக் காட்டுகிறது. பைத்தான் எழுதுகிறவர்களுக்கு 'பயல்கள் மேனுவல் படிப்பதில்லை' என்று சலித்துக்கொள்ள எல்லா உரிமையும் உண்டு. அவர்கள் செய்தியைத் திருத்தினார்கள். பாவம் நம்ம பையனுக்கு இன்ஸ்டிடியூட் நோட்ஸில் கொடுத்திருந்த லிங்க் பழைய 3.8-க்கு.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யோக்கியன் மாதிரி ஆகிவிடும். 2010-ல் ஜோலார்பேட்டையில் ரயிலேறி பெங்களூர் வந்தேன். மாரத்தஹள்ளியில் ஒரு அறையில் நாலு பேர், ஜாவா கோர்ஸ். யாரோ பைத்தான் படி என்றார்கள் என்று அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடையில் ஒன்று வாங்கினேன். புத்தகம் பைத்தான் 2-க்கு. நண்பன் லேப்டாப்பில் நான் போட்டது, புதுசுதானே நல்லது என்று, பைத்தான் 3. புத்தகத்தில் இருந்தபடியே பிரிண்ட் என்று எழுதி மேற்கோள் குறிக்குள் என் பெயரைப் போட்டேன். 'இன்வாலிட் சின்டாக்ஸ்.' எழுத்துப் பிழையா என்று பார்த்தேன், இல்லை. மறுபடி அடித்தேன். மறுபடி அதே.

ஆங்கில மன்றம் ஒன்றில் அகராதியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எழுதிக் கேட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது, நாலே எழுத்து: ஆர்டிஎஃப்எம். நான் அதை ஏதோ சாஃப்ட்வேர் என்று நினைத்து எங்கே டவுன்லோட் செய்வது என்று தேடினேன். மேனுவலைப் படித்துத் தொலை என்பதன் சுருக்கம், நடுவில் ஒரு கெட்ட வார்த்தையோடு, என்று பிறகுதான் தெரிந்தது. படித்துக்கொண்டுதானே இருந்தேன்! படித்ததுதான் பிரச்சினையே. பைத்தான் 3-ல் பிரிண்டுக்கு அடைப்புக்குறி கட்டாயம் என்று அறையில் இருந்த கண்ணூர்க்காரன் ஒருவன் போகிற போக்கில் சொன்னான். மூன்று நாள் போயிருந்தது. அந்த மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டது என்ன என்றால், எதுவுமில்லை. பைத்தான் நமக்கு வராது என்ற முடிவு மட்டும்தான், அதை மாற்றிக்கொள்ள ஒரு வருடம் ஆனது.

இதை நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா என்றால் எங்கள் குழுவின் இன்னொரு அட்மின், மதுரைக்காரர், வைட்ஃபீல்டில் பெரிய வேலை, என்னைவிடப் பத்து வருடம் சீனியர். மாதத்தில் ஒரு நாள் அல்சூரில், தமிழ்ச் சங்கத்துக்குப் பக்கத்தில் சந்தித்துப் பேசுவோம். அவருக்கு என் உருக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"நீ ஒருத்தனைப் பார்த்துட்டு வந்து பேசுற. நான் நாப்பது பேருக்கு இதே பதிலைச் சொல்லியிருக்கேன். எங்களுக்கும் வீடு வாசல் இருக்குல்ல? என் பொண்ணைத் தூங்க வெக்கிற நேரத்துல ஹாய்னு ஒரு மெசேஜ் வரும். ஹாய்னு நானும் போட்டா, சாப்டீங்களாக்கான்னு வரும். டவுட் கேக்கலாமான்னு அடுத்தது. கேளுப்பான்னா, அதுக்கப்புறம் அரை மணி நேரம் டைப்பிங்னு காட்டிட்டே இருக்கும்."

இது உண்மை. எடுத்த எடுப்பில் கேள்வியைக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம். வீட்டுக்குப் போனால் கூட வந்த காரியத்தைத் தண்ணீர் குடித்த பிறகுதான் சொல்வோம். இணையத்தில் அந்த மரியாதை எதிராளியின் நேரத்தைத் தின்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும், சொன்னால் உடனே புரிந்தும் கொள்கிறார்கள்.

"அதோட, தானா முட்டி மோதிக் கண்டுபிடிச்சாத்தான் மண்டையில நிக்கும். நீ ஊட்டி விட்டா வாயைத் திறந்துட்டேதான் இருப்பான்" என்றார் அக்கா.

இந்த இடத்தில்தான் எனக்கு அவரோடு பாதி ஒத்துப்போகிறது, பாதி ஒத்துப்போகவில்லை. முட்டி மோதினால் நிற்கும், சரி. எதில் முட்டுவது? ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு லூப் ஏன் ஒரு சுற்று குறைவாக ஓடுகிறது என்று ஒருவன் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். பேப்பரை எடு, டிரை ரன் போடு, ஒவ்வொரு சுற்றிலும், சுற்றை எண்ணும் ஐ-யின் மதிப்பு என்ன என்று வரிசையாக எழுதி அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பு என்பேன். (இதற்குப் போட்டோ ஓகே.) அவன் மூன்றாவது வரியில் எழுதும்போதே அட என்று நிறுத்திவிடுவான், அந்த 'அட' அவனுக்குச் சொந்தம், நான் சொல்லியிருந்தால் அதைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. அங்கே ஒரு மணி நேரம் முட்டட்டும், இரண்டு மணி நேரம் முட்டட்டும், தவறே இல்லை.

ஆனால் இன்ஸ்டாலேஷன், பாத் (பைத்தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது), எந்த வெர்ஷன், பிப் (கூடுதல் பேக்கேஜ்களை இறக்கித் தரும் கருவி) போட்டது ஒரு பைத்தானில், ஓடுவது வேறொரு பைத்தானில், ஃபைல் பெயர், டேபும் ஸ்பேஸும் கலந்துவிட்டது, விண்டோஸில் தமிழ் எழுத்தை ஃபைலில் எழுதப் போனால் எழுத முடியாது என்று ஓர் என்கோடிங் எரர், இவற்றில் முட்டிக்கொள்வதால் யாருக்கும் எந்த ஞானமும் பிறப்பதில்லை. இந்தத் தலைவலிகளுக்கும் புரோகிராமிங்குக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு, ஆனால் முதல் வாரத்திலேயே வாசலில் நின்று வழிமறிப்பவை இவைதான். இதில் ஒருவன் மாட்டிக்கொண்டால் பதிலைச் சொல்லிவிட வேண்டும். நேராக, உடனே, பாடம் நடத்தாமல். என்கோடிங்குக்கு, ஃபைலை ஓப்பன் செய்யும்போதே யூடிஎஃப்-8 (தமிழும் அடங்கும் எழுத்து முறை) என்று கொடு, அவ்வளவுதான், ஏன் என்பதை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தேடிப் பார்த்தாயா என்ற கேள்வியைப் பற்றியும் ஒன்று. தேடுவதற்கு வார்த்தை வேண்டும். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறவனுக்குப் போகவேண்டிய ஏரியாவின் பெயர் தெரிந்தால் எந்தப் பிளாட்பாரம் என்று தேடிக் கண்டுபிடித்துவிடுவான். மாமா வீடு, பக்கத்துல ஒரு ஆலமரம் இருக்கும் என்று மட்டும் தெரிந்தவனை போர்டைப் பார்த்துப் போ என்றால்? போர்டும் கன்னடத்தில். ரேண்டம்.பிஒய் பிரச்சினைக்கு நானூறு இடத்தில் பதில் இருக்கிறது, ஆனால் ஃபைல் பெயரால் வந்த வினை இது என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பதில்கள் கண்ணில் படும். பையன் தேடியது "பைத்தான் நாட் ஒர்க்கிங்". வந்தது எல்லாம் ரீஇன்ஸ்டால் செய்வது எப்படி. செய்தான், மூன்று தடவை.

அப்படியானால் ஆரம்பக்காரனிடம் எதையுமே எதிர்பார்க்கக் கூடாதா? கூடும். கண்ணுக்கு முன்னால் இருப்பதை அப்படியே காட்டு என்று கேட்கலாம், அதற்கு அறிவு வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். எரரை மேலிருந்து கீழ் வரை, புரிந்தாலும் புரியாவிட்டாலும், காப்பி செய்து ஒட்டு. என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது, இரண்டையும் சொல். அதுவரை என்னென்ன செய்து பார்த்தாய், முட்டாள்தனமாகத் தோன்றினாலும் சொல். இவ்வளவுதான் நான் இனி கேட்கப்போவது. இதையும் செய்ய மாட்டேன் என்கிறவனை விட்டுவிடலாம்.

எரரை அப்படியே காட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று யோசித்தால் எனக்கு எங்கள் காலேஜ் லேப்தான் நினைவுக்கு வருகிறது. ரெக்கார்டு நோட்டில் வலது பக்கம் புரோகிராம், இடது பக்கம் அவுட்புட். புரோகிராமை முதலிலேயே சீனியர் ரெக்கார்டிலிருந்து பார்த்து எழுதிவிடுவோம், அவுட்புட்டையும் சேர்த்து. அப்புறம்தான் லேபுக்கே போவோம். மேடம் பக்கத்தில் வரும்போது திரையில் எரர் இருந்தால் அவசரமாக விண்டோவை மாற்றுவோம். மூன்று வருடம் முழுக்க எரர் என்பது மறைக்கவேண்டிய ஒன்று, படிக்கவேண்டிய ஒன்று என்று யாருமே சொல்லவில்லை. பிராக்டிகலில் அவுட்புட் வந்துச்சா என்பார்கள், எரர் என்ன சொல்லுது என்று எந்த எக்ஸ்டர்னலும் கேட்டதில்லை. அப்படி வளர்ந்த பிள்ளை, போட்டோ எடுக்கும்போது கூட எரரைப் பாதி மறைத்துத்தான் எடுக்கிறது.

பழைய ஆட்களின் சலிப்புக்கும் வயது அதிகம். அமெரிக்காவில் யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழுக்கள் இருந்த காலத்தில் வருடா வருடம் செப்டம்பரில் காலேஜ் சேரும் புதுப் பிள்ளைகள் வந்து கண்டதைக் கேட்பார்கள், பழையவர்கள் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். 1993-க்குப் பிறகு வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்களும் திரளாக வரத் தொடங்கவும், அந்தச் செப்டம்பர் இன்னும் முடியவே இல்லை என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள்.

புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தைச் சிலர் இதில் திட்டுவார்கள், எனக்கு அது முழுக்க நியாயமாகப் படவில்லை. 2008-ல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் அதைத் தொடங்கியபோதே நோக்கம் வேறு. கேட்டவன் ஒருவனுக்காக மட்டும் அங்கே பதில் எழுதுவதில்லை, பின்னால் அதே பிரச்சினையோடு கூகுளிலிருந்து வரப்போகிற ஆயிரம் பேருக்காகவும் எழுதுகிறார்கள். அதனால் ஒரே கேள்வி இரண்டாவது முறை வந்தால் மூடுவார்கள், வணக்கம் நன்றியெல்லாம் வெட்டுவார்கள். அது நூலகம். நூலகத்தில் போய் எனக்குத் தலை வலிக்கிறது என்றால் உஷ் என்றுதான் சொல்வார்கள். இருந்தாலும் 2018-ல் அவர்களே தங்கள் தளத்தில், புதிதாக வருகிறவர்களுக்கு இது இதமான இடமாக இல்லை, மாற வேண்டும் என்று எழுதினார்கள். எங்கள் குழு நூலகம் கிடையாது, டீக்கடை பெஞ்ச். நூலக விதியை எழுதி டீக்கடையில் ஒட்டியது என் தப்பு.

சாட்ஜிபிடி மாதிரியான சாட்பாட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இப்போது எல்லோரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். அது திட்டுவதில்லை, சலித்துக்கொள்வதில்லை, ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் சொல்கிறது, பிள்ளைகள் அங்கே போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பையன் அதனிடம் என்ன கேட்டான் என்று காட்டச் சொன்னேன். "ராண்ட்இன்ட் வரல" என்று கேட்டிருக்கிறான். அது, முதல் வரியில் ரேண்டமை இம்போர்ட் செய்திருக்கிறாயா என்று பார் என்று சொல்லியிருக்கிறது. செய்திருந்தான். முழு எரரை ஒட்டியிருந்தால் அதுவே ஃபைல் பெயரைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆக, மனுஷனிடம் கேட்டாலும் மெஷினிடம் கேட்டாலும் பாதி எரரைக் கொடுத்தால் பாதி பதில்தான். 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சாட்ஜிபிடி எழுதிய பதில்களைத் தடை செய்தபோது சொன்ன காரணமும் ஏறக்குறைய எனக்கு அன்றாட அனுபவம்: பார்க்க ரொம்பச் சரியாக இருக்கும், தப்பாக இருக்கும். அதைத் தப்பு என்று கண்டுபிடிக்க ஆரம்பக்காரனால் முடியாது. இப்போதெல்லாம் எங்களிடம் வரும் கோடில் மூன்று வெவ்வேறு பாட் சொன்ன மூன்று வைத்தியமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறது, எந்த வரி எதற்கு என்று எழுதியவனுக்கே தெரியாது. "நீயா எழுதின கடைசி வெர்ஷன் எங்க?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நான் கருணைக் கடல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வினாத்தாளைப் போட்டோ எடுத்து, நாளைக்கு சப்மிஷன்ணா ப்ளீஸ் என்று அனுப்புகிறவர்களுக்கு நான் பதில் போடுவதே இல்லை. வேலைக்கான ஆன்லைன் டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேள்வியைக் குழுவில் போட்டவனை அக்கா நீக்கினார், நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு வகை உண்டு, ஒரே கேள்வியை ஐந்து குழுவில் போட்டுவிட்டு, முதல் குழுவில் பதில் கிடைத்ததும் மற்ற நாலையும் மறந்துவிடுகிறவர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் அப்படி ஒருவனுக்காக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து டேட்டாபேஸ் கனெக்ஷனைத் தோண்டினேன், கடைசியில் "ஓ அது மதியமே சரியாயிடுச்சு ப்ரோ". கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. சரியாகிவிட்டால் எப்படிச் சரியானது என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவது ஆரம்பக்காரனாலும் முடிகிற காரியம், அதை எதிர்பார்ப்பதில் எந்தக் கூச்சமும் எனக்கு இல்லை.

அல்சூரில் அன்றைக்கு இரண்டாவது காபி வரும்போது பின் மெசேஜைத் திருத்த உட்கார்ந்தோம். பதினோரு விதியில் ஒன்பதை அக்காவே அடித்தார். இப்போது இருப்பது இது: "ஹாய்க்குக் காத்திருக்க வேண்டாம், கேள்வியை நேரா கேளு. எரரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் காப்பி பண்ணிப் போடு. என்ன வரணும், என்ன வருது, அதுவரைக்கும் என்னென்ன பண்ணிப் பார்த்தே, மூணையும் தமிழ்லயே எழுது. யாரும் திட்ட மாட்டோம்." கடைசி வரியை நான் சேர்த்தேன். அக்கா, "அதுக்கு நான் கேரண்டி இல்ல" என்றார், ஆனால் அழிக்கவில்லை.

பத்து நாள் கழித்து அதே பையன் மறுபடி வந்தான். விளையாட்டை வளர்த்துவிட்டானாம், இப்போது எண்ணுக்குப் பதில் தமிழ்ச் சொல்லைக் குலைத்துக் கொடுத்து ஒழுங்குபடுத்தச் சொல்லும் ஆட்டம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது, 3 தானே வர வேண்டும் அண்ணா, குலைத்தால் வெறும் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியாகப் பறக்கிறது என்று, கோடையும் அவுட்புட்டையும் ஒட்டி எழுதியிருந்தான். நான் சத்தியமாக இதை யோசித்ததே இல்லை. குழுவில் பெரிய தலைகள் எல்லாம் அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடில் 'மி' என்பது ம-வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு, 'ழ்' என்பது ழ-வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு, த ஒன்று, ஆக ஐந்து, பைத்தான் எண்ணுவது அந்தத் துண்டுகளைத்தான், நாம் எண்ணுவது எழுத்துகளை. அக்காதான் கடைசியில் ஓப்பன் தமிழ் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, அதில் கெட் லெட்டர்ஸ் என்ற ஃபங்ஷன் முழு எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும் என்று எடுத்துப் போட்டார். மணி பன்னிரண்டேகால், பொண்ணு தூங்கியிருப்பாள் போல.

நேற்று இரவு புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள், கோரமங்களாவில் ஏதோ டேட்டா என்ட்ரி வேலையாம். வந்ததும் கேள்வி, ஹாய் இல்லை. எரர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இருந்தது, நாலு போட்டோவாக. திரையை நேராக வைத்து, டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுத்திருந்தாள். நான் விரலால் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டாவது போட்டோவிலேயே இருந்தது.